சுவரோரம் காலியாக இருக்கிறது

ஜனவரி 9

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் "ஜோராக இருக்கிறேன்" என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் சளி விட்டது. பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. சின்னவன் இன்னும் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீடு முழுக்க இழுத்து இழுத்து நடக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மறுபடியும் சாக்கு. இது நீங்கள் கப்பலேறிய பிறகு வந்த சட்டம். திரைச்சீலை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் ஹாலில்தானே உட்காருகிறார்கள், அங்கே பொம்மையும் பென்சிலும் கிடந்தால் உங்கள் அண்ணனின் வியாபாரம் கெடுகிறதாம். அதனால் பிள்ளைகளின் சாமான் எது ஹாலில் கிடந்தாலும் அக்கா, உங்கள் அண்ணிதான், அதை ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, பரணில் ஏற்றிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கும். நேற்று ஏறியதில் பெரியவளின் கணக்கு நோட்டும் ஒரு கால் ஷூவும் இருந்தன. ஒரு காலோடு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவா என்று கேட்டேவிட்டேன். "நான் என்னம்மா பண்றது, வர்றவங்க தடுக்கி விழுந்தா நம்ம பேருதானே கெடும்" என்றார் உங்கள் அண்ணி. அவர் சொல்வதும் நியாயம்தான். எல்லாம் நம் அறைக்குள் இருந்துவிட்டால் சண்டையே இல்லை. ஆனால் நம் அறையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கட்டிலில் இருந்து இறங்கினால் நேராகக் கதவுக்கு வெளியேதான் கால் வைக்க வேண்டும்.

பின் தெருவில் சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நீங்கள் அனுப்புகிற பணத்தில் வாடகை கட்டிவிடலாம், கடிக்காது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "இவர்கள் தனியாக இருக்கட்டும்" என்று உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் நானாகப் போனால், குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பெயர் என் தலையில்தான் விழும். போனில் பேசலாம் என்றால் அது ஹாலில் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும்போது எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் "ஆமாங்க, நல்லா இருக்கோம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வைக்கிறேன்.

ஒரு வரி போதும்.

உங்கள் அன்பு மனைவி

*

பிப்ரவரி 2

என் ராஜாத்திக்கு,

நான் ஜோராக இருக்கிறேன்! பார், நீ கேட்காமலேயே எழுதிவிட்டேன்.

பெரியவளின் பல்லை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எங்கள் மேற்பார்வையாளர் "என்னப்பா, பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிற" என்று கேட்டார்.

அண்ணன் விஷயம் கொஞ்சம் பொறுத்துக்கொள். அப்பா போன பிறகு என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவரிடம் "தனியாக" என்கிற வார்த்தையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, பேனா நகரமாட்டேன் என்கிறது. நேரம் பார்த்து எழுதுகிறேன்.

அதுவரை நான் சொல்கிறபடி செய். இந்தக் கிடங்கில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: இடம் பற்றாத அறை என்று உலகத்தில் எதுவும் இல்லை, அடுக்கத் தெரியாத ஆள்தான் உண்டு. உன்னைச் சொல்லவில்லை தாயே, முறைக்காதே. நான் வந்த புதிதில் இங்கேயும் பெட்டிகள் மாடு மேய்ந்த தோட்டம் மாதிரிதான் கிடந்தன.

முதலில் செருப்புக் கடையில் போய் காலி அட்டைப்பெட்டிகள் கேள், சும்மா தருவார்கள். மூடியைத் தூக்கி எறியாதே, அதைப் பெட்டிக்கு அடியில் சொருகினால் அடி இரட்டைக் கனமாகிவிடும். ஒரு பெட்டியில் ஒரே சாதிச் சாமான்தான் இருக்க வேண்டும். கலந்தால் கெட்டது. சின்னவனுக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் பெரியவளை விட்டுப் பெட்டியின் முன்பக்கம் படம் வரையச் சொல். பந்து இருக்கிற பெட்டியில் பந்து, காலுறைக்குக் காலுறை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்துப் பை பையாகத் தைத்துக் கதவின் பின்பக்கம் தொங்கவிடு. கதவுக்குப் பின்னால் ஒரு சுவரே சும்மா நிற்கிறது, யாரும் அதை மதிப்பதில்லை. பள்ளிப் பைக்கு ஆணி அடிக்கும்போது உன் உயரத்துக்கு அடிக்காதே, அவள் உயரத்துக்கு அடி. பிள்ளைக்கு எட்டாத இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, மாட்டவில்லை என்று திட்டுவதில் என்ன லாபம்?

சாயங்காலம் "லோடு ஏத்தலாம் வாங்க" என்று குரல் கொடு. சின்னவன் லாரி, பெரியவள் கணக்குப்பிள்ளை. ஐந்தே நிமிடத்தில் ஹால் துடைத்த மாதிரி ஆகிவிடும். சாக்குக்கு வேலையே இருக்காது.

முத்தங்களுடன்,
உன் கிடங்குக்காரன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள கிடங்கு மகாராஜாவுக்கு,

சொன்னபடி எல்லாம் செய்தேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருக்கிறது. செருப்புக் கடைக்காரர் பெட்டி தரும்போது "இத்தனை ஜோடி வாங்கின வீட்டையே நான் பார்த்ததில்லையே" என்று கேலி செய்தார். பெரியவள் படம் வரைந்தாள். பந்து பந்து மாதிரியே இருக்கிறது, காலுறைதான் யானைத் தும்பிக்கை மாதிரி வந்திருக்கிறது. சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, இல்லாத யானையைப் பெட்டி பெட்டியாகத் தேடினான். கதவுப் பைகளில் ரிப்பன், சீப்பு, நிறப் பென்சில், தொப்பி எல்லாம் போய்விட்டன. சாயங்காலம் லாரி வருகிறது, பாம் பாம் என்று ஹாரன் வேறு. சாக்கு பரணில் மடித்துக் கிடக்கிறது.

ஜன்னல் பக்கம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பிள்ளை காலை மடக்கி உட்காருகிற அளவுக்கு இடம் கிடைத்தது. பெரியவள் அங்கே ஒரு துண்டை விரித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். ஜன்னலில் இருந்து வெளிச்சம் நேராக நோட்டில் விழும். "அம்மா, இது என் ஆபீஸ்" என்றாள். உள்ளே வரச் சின்னவன் தட்டி அனுமதி கேட்க வேண்டுமாம், எதைத் தட்டுவது என்று தெரியாமல் அவள் தலையிலேயே தட்டினான்.

அந்த ஆபீஸ் போன வாரம் வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து கூட்டி வந்தேன், அங்கே திரைத்துணிக் கட்டுகள் அடுக்கியிருந்தன, ஜன்னலின் பாதி உயரத்துக்கு. அண்ணன் தன் கையாலேயே கொண்டு வந்து வைத்தாராம். அக்காவைப் பார்த்தேன். "கொஞ்ச நாளைக்கும்மா" என்றார். அவர்கள் வீடு, அவர்கள் துணி, நான் என்ன சொல்வது? பெரியவள் துண்டை எடுத்து மடித்து அதன் பெட்டியில் வைத்தாள். அவள் அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சைக்கிள் கடை மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி என்ன ஆயிற்று?

உங்கள் அன்பு மனைவி

*

மார்ச் 20

என் கண்ணே,

யானைத் தும்பிக்கையை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் சமையல்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். இங்கே எனக்கு இருப்பது ஒரு கட்டில், ஒரு அலமாரித் தட்டு. தலை நிமிர்ந்து உட்கார முடியாது, மேல் கட்டில் இடிக்கும். அதனால் நம் அறை பளிச்சென்று இருப்பதை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. அண்ணனுக்கும் எழுதினேன், அறையை நீ எப்படி மாற்றிவிட்டாய் என்று. ரொம்பப் பெருமையாக எழுதினேன்.

துணிக்கட்டுதானே, கடிக்காது. இடம் போனால் இன்னொரு இடத்தை உண்டாக்குவோம். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது? தூசிதானே? துணி வெட்டும் பழைய மேஜை உடைந்து, அதன் அகலமான இழுப்பறை ஒன்று மொட்டைமாடியில் கிடந்ததே, அதைக் கொண்டு வா. சைக்கிள் கடையில் பழைய சின்னச் சக்கரம் நான்கு கேட்டு வாங்கி அடியில் முடுக்கு. இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போகும். பொம்மைகளில் பாதியை அதில் போட்டு மூடிவிடு, மாதம் ஒரு முறை மாற்று. கண்ணில் படாமல் இருந்து திரும்பி வந்தால் பழைய பொம்மையும் புதுசுதான் பிள்ளைகளுக்கு. சின்னதாகிப் போன உடுப்பை அன்றைக்கே எடுத்து யாருக்காவது கொடு, "இருக்கட்டும்" என்கிற வார்த்தைதான் வீட்டை அடைக்கிறது. மறுநாள் பள்ளிக்கு வேண்டியதை இரவே ஒரே பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிடு.

அண்ணனுக்கு அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுந்துவிட்டேன். டிசம்பரில் லீவு கிடைத்து நான் வந்தால் நேரிலேயே பேசிவிடலாமே?

பிள்ளைகளுக்கு இரண்டு கன்னத்திலும்.
உன் கிடங்குக்காரன்

*

ஏப்ரல் 18

என் வீட்டுக்காரருக்கு,

கட்டிலடி இழுப்பறை செய்தேன். சக்கரம் நன்றாக ஓடுகிறது. பொம்மைகள் அதற்குள் போனதும் கதவுப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டது. அடுத்த வாரமே பழைய தையல் மிஷின் அங்கே வந்துவிட்டது, அதன் மேல் இஸ்திரி மேஜைப் பலகை. இப்போது கதவு பாதிதான் திறக்கிறது. உங்கள் பைகள் தொங்குகிற கதவுதான். ஒருக்களித்து நுழைகிறேன். இந்த வீட்டில் நான் ஒரு விரற்கடை இடத்தை ஒழித்தால் அது எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து நிரம்பிக்கொள்கிறது. சுத்தம் செய்யவே பயமாக இருக்கிறது எனக்கு.

அதைக்கூடப் பொறுத்தேன். நேற்று நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

பெரிய ஓட்டல் ஒன்றின் ஆட்கள் ஆர்டர் கொடுக்க வருவதாக இருந்தது. காலையில் இருந்தே வீட்டில் பரபரப்பு. அக்கா பெரியவளைக் கூப்பிட்டு, "செல்லம், வெளிய ஒண்ணும் தெரியக் கூடாது, எல்லாத்தையும் உள்ள வெச்சிடு" என்றார். நான் சமையலறையில் இருந்தேன். ஓட்டல்காரர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், துணி துணியாகப் பார்த்தார்கள், மத்தியானம் தாண்டிக் கிளம்பினார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் பெரியவளைக் காணோம்.

தெருவில் தேடினேன். பள்ளிக்கு ஓடினேன், விடுமுறை நாளில் பூட்டிய கதவைப் போய்த் தட்டினேன், எனக்குப் புத்தி இருந்தால்தானே. சைக்கிள் கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார், அண்ணன் ஒரு பக்கம் போனார். அக்கா வாசலில் நின்று கையைப் பிசைந்தார். கடைசியில் சின்னவன்தான் என் முந்தானையை இழுத்து, "அக்கா லோடு ஆயிட்டா" என்றான்.

கட்டிலடி இழுப்பறையை இழுத்தேன். பொம்மைகளை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை. முகமெல்லாம் வியர்வை, பாவாடை நனைந்திருந்தது. ஏண்டி இப்படி, கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று உலுக்கினேன். "விழுந்துச்சும்மா. வெளிய வந்தா சாக்குல போட்டுடுவாங்கல்ல" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை அதை நம்பியே சொன்னாள்.

அடித்துவிட்டேன். அடித்துவிட்டு நானே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், இரண்டு பேரும் கட்டிலும் மிஷினும் நெருக்கிய அந்தச் சந்தில் நிமிரக்கூட முடியாமல் உட்கார்ந்து அழுதோம்.

எனக்கு இனி ஒரு யோசனையும் வேண்டாம். பெட்டி வேண்டாம், பை வேண்டாம், சக்கரம் வேண்டாம். அண்ணனுக்கு எழுதுங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் மனைவி

*

மே 8

என் உயிரே,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். மேல் கட்டில் பலகை முகத்துக்கு நேரே. என் பெண் எப்படிப் படுத்திருந்திருப்பாள் என்று நன்றாகவே புரிந்தது. பாவி, நானே சொல்லிச் செய்ய வைத்த பெட்டி.

எழுதிவிட்டேன். அண்ணனுக்கான கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீயும் படி. அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து நீயே கொடு. கொடுக்கலாமா வேண்டாமா என்று நீயே யோசித்து முடிவு செய். அவர் மனம் கஷ்டப்படும் என்று தோன்றினால் கொடுக்காதே, வேறு வழி பார்ப்போம்.

பெரியவளிடம் அப்பா கோபமாக இல்லை என்று சொல். அந்த இழுப்பறையை உடைத்து அடுப்பில் போடு.

உன்னவன்

*

ஜூன் 3

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் அண்ணனுக்கு நீங்கள் எழுதியதைப் படித்தேன். "அவள் ரொம்ப ஆசைப்படுகிறாள் அண்ணா, எனக்கு இதில் விருப்பம் இல்லை, உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்." இதற்குத்தானா ஐந்து மாதம்? அதை நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய வேலையையும் என் தலையில் கட்டி, பழியையும் என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

நானே போய்ச் சொன்னேன். அண்ணன் ஹாலில் துணி அளந்துகொண்டிருந்தார். அக்காவும் இருந்தார். "மாமா, நானும் பிள்ளைங்களும் தனியாப் போறோம். இந்த அறை எங்களுக்குப் பத்தல" என்றேன். வெடிக்கப் போகிறது என்று நின்றேன். அவர் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பத்தலையா? தாராளமா இருக்குன்னுதானேம்மா அவன் எழுதறான்?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "ஜன்னல் பக்கம் சுவரோரம் காலியா இருக்கும்ணா, துணிக்கட்ட அங்க போட்டுக்கோங்கன்னு எழுதினான். அப்புறம் கதவுப் பக்கமும் காலி, பழைய மிஷின் ஹால்ல எதுக்குன்னு எழுதினான். நான் துணி வைக்க வெளிய ஒரு இடம் பாத்துக்கிட்டு இருந்தேம்மா. அவன் இவ்வளவு ஆசையாச் சொல்றானே, வேணாம்னா மனசு நோகுமேன்னுதான் கொண்டு வந்து வெச்சேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நானும் நெனச்சேன், உனக்கு எப்படித்தான் பத்துதோன்னு. நீ வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. உனக்குத் தெரிஞ்சுதான் தம்பி எழுதறார்னு நெனச்சேன்." பெரியவளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாள் அந்த மனுஷியை நான் மனதுக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் தெரியுமா? சாக்கு அவருடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளையின் ஜன்னலை எடுத்தது அவர் இல்லை.

எப்படி அடுக்க வேண்டும் என்று எனக்கு எழுதிய கையோடு, எங்கே இடம் ஒழியும் என்றும் கணக்குப் போட்டுவிட்டீர்கள். நான் கஷ்டப்பட்டு ஒழிப்பதற்கு முன்பே அதை அப்படியே உங்கள் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள். எனக்குச் சொல்லக்கூட இல்லை. கட்டு வந்துவிட்டது என்று நான் அழுது எழுதினால் "கடிக்காது" என்று பதில் எழுதினீர்கள். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கத்தினேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும். வளர்த்த அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை, அதனால் எங்கள் காலடியைக் கொடுத்துவிட்டீர்கள். எங்களைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

சைக்கிள் கடை மாடி போய்விட்டது. போன மாதமே ஒரு முடிதிருத்துபவர் குடும்பம் வந்துவிட்டது. ஜனவரியில் நான் இப்படி வாயைத் திறந்திருந்தால் அது எங்களுடையது. இப்போது சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்திருக்கிறேன். சாமானை அண்ணனே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு வந்து இறக்கினார், அக்கா அரிசி அளந்து கொடுத்தார். அறை நம் பழைய அறையை விடவும் சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மறைப்பானேன், இங்கேயும் மூச்சு முட்டத்தான் செய்கிறது. சாயங்காலம் சலவைக் கடை ஆவி எல்லாம் உள்ளேதான் வருகிறது. பெரியவள் இன்னும் வாசலில் யாராவது குரல் கொடுத்தால் கையில் இருப்பதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். நான் "இருக்கட்டும்டி" என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறாள்.

டிசம்பரில் லீவு என்று எழுதியிருந்தீர்கள். நேராக வந்து இறங்கிவிடாதீர்கள். முதலில் எனக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். இங்கே இடம் இருக்கிறதா, இல்லையா என்று நான் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா